இரண்டு செங்கல்

வலைத் தடுப்பை எடுத்தாயிற்று. ஒரு வாரமாகத் தனியே இருந்த, வலது கால் விரல்கள் சுருண்டுபோன வெள்ளைக் கோழி, இறக்கையைத் தரையில் ஊன்றி ஊன்றிக் கூட்டத்துக்குள் வருகிறது. காலை வெயிலில் அதன் கொண்டை சிவந்து தெரிகிறது. மற்ற நான்கும் டக்டக்கென்று தகரத் தட்டில் கொத்துகின்றன. இதற்கும் ஆளுக்கொரு கொத்து வைக்கின்றன. அது விடாமல் தட்டுவரை வந்து எம்புகிறது, விழுகிறது. மறுபடி எம்புகிறது. "பாத்தியா? நொண்டி நம்ம கூட்டத்துல ஒட்டாது. சேர்ந்து தின்னலன்னா மத்தியானமே அறுத்துடலாம்" என்கிறார் சித்தப்பா, கத்தியைக் கல்லில் தேய்த்தபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தீவனத்தில் மண் விழக் கூடாதென்று தட்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தவரே இவர்தான். குனிந்து செங்கற்களை உருவுகிறேன். "ஏய், எல்லாம் கெளறி மண்ணாக்கிடும்!" "நான் கூட்டிக்கறேன்." "வீட்டுலயே மொதல்ல டிகிரி வாங்கினவ, கோழிக்கு வக்கீலா?" "ஆமா சித்தப்பா. கத்திய உள்ள வைங்க." வெள்ளைக் கோழி தட்டின் விளிம்பில் மார்பைச் சாய்த்துக்கொண்டு தின்கிறது. செவலைக் கோழி அதன் கழுத்தில் ஓங்கிக் கொத்துகிறது. வெள்ளைக் கோழி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.