ஒரே ஒரு ரிங்

மீட்டரில் பதினொன்று புள்ளி எட்டு.

காலையில் பன்னிரண்டு இருந்தது. ஒரு வேலையும் செய்யாத பேட்டரி எங்கேதான் கரைகிறதோ.

பத்து நாளாக வெயில் இல்லை. அறைக்கூரைமேல் கிடக்கும் சோலார் தகடு மழைத்தண்ணீர் பிடிக்கத்தான் லாயக்கு. எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் ஏற்றலாம் என்றால் டீசலில் கடல்தண்ணீர் கலந்துவிட்டது. நாலு பக்கமும் இந்தியப் பெருங்கடல். பாய்மரப் படகில் அவன் ஒருவன். எந்தக் கரைக்கும் இருபத்திரண்டு நாள்.

ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தான்.

முதலில் ஃபிரிட்ஜ். பிறகு பாய்மர உச்சி விளக்கு. பிறகு, தானாகத் திசை பிடிக்கும் கருவி. அதுதான் பெருந்தீனிக்காரன். அன்றிலிருந்து சுக்கானைக் கையால் பிடிக்கிறான். உள்ளங்கை வெந்துபோயிற்று. தூக்கம் அரைமணி அரைமணியாக.

எல்லாம் சாட்டிலைட் போனுக்காக. அதன் சொந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. படகின் பேட்டரியில்தான் அதற்கு உயிர்.

தனியாகக் கடல் சுற்றும் பைத்தியம் அவனுக்கு இருபது வருடப் பைத்தியம். அவன் நடுக்கடலுக்கு வந்த பிறகுதான் மனைவி பிரகாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து மகள் ஜெனிட்டா பேசினாள். வந்துவிடுகிறேன் என்று சொல்லக்கூட அவனால் முடியவில்லை.

“அம்மாவே டெய்லி ரிங் விடுவாப்பா. நீங்க படகப் பாருங்க.”

ஊரில் மாலை ஆறு மணிக்குக் கோவில் மணி அடிக்கும். அந்நேரம் பத்து நிமிடம் போனைத் திறந்து வைப்பான். பிரகாசி மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரு ரிங் என்றால் நலம்.

இன்றும் திறந்து வைத்தான்.

அடித்தது. ஒரே ஒரு ரிங். நின்றது.

அப்பாடா என்று சாய்ந்தான். அணைக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

அது முழு ரிங்.

பிரகாசி ஒருநாளும் முழு ரிங் விட்டதில்லை. அவன் கப்பல் வேலைக்குப் போன காலத்தில் இருந்தே அப்படித்தான். யாராவது எடுத்துவிட்டால் காசு போய்விடும் என்ற பயத்தில் பாதியிலேயே வெடுக்கென்று கட் பண்ணிவிடுவாள். ‘ட்ரி’ என்று கேட்கும், அவ்வளவுதான். எத்தனை கேலி செய்திருக்கிறான். ஜெனிட்டாவுக்கு இது தெரியாது. அவளுக்கு அம்மா எப்போதும் பக்கத்திலேயே இருந்தவள். ஒரு ரிங் என்றால் அவளுக்கு ஒரு ரிங்.

களைத்த கை, மெதுவாகத்தான் கட் பண்ணும். நர்ஸ் யாராவது அழுத்தியிருப்பாள். தனக்கே சொல்லிப் பார்த்தான்.

நேற்று?

நேற்றும் முழு ரிங்தான். முந்தாநாளும். அதற்கு முந்தைய நாளும். மீட்டரையே பார்த்துக் கிடந்தவன் காதைத் தொலைத்துவிட்டான்.

நான்கு நாள் என்றால் எல்லாம் முடிந்திருக்கும். அவன் இல்லாமலே மண் போட்டிருப்பார்கள்.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். தொண்டை கிழியும்வரை கத்தினான். கேட்க ஆள் இல்லை.

பேட்டரியில் இரண்டு நிமிடப் பேச்சுக்கு இருக்கிறது. கேட்டுவிடலாம். ஜெனிட்டாவின் எண்மேல் கட்டைவிரல் நின்றது.

கேட்டால் அந்தப் பிள்ளை சொல்லித்தான் ஆக வேண்டும். துக்க வீட்டுக் கூட்டத்தில் இருந்து, மணிச்சத்தம் கேட்டதும் எழுந்துபோய், அம்மாவின் போனை எடுத்து, ஒரு ரிங் விட்டுவிட்டு வருகிறவள்.

விரலை எடுத்தான்.

போனை அணைத்தான். திசைகாட்டிக்குமேல் மொச்சைக்கொட்டை அளவு விளக்கு ஒன்று மிச்சமிருந்தது. அதன் வயரையும் பிடுங்கிப் போட்டான்.

நாளைக்கும் ஆறு மணிக்கு ஜெனிட்டா ரிங் விடுவாள். பேட்டரி அதுவரை தாங்க வேண்டும்.