கூழ் வாங்கிக் குடித்த அடிகள்

குணசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளே மேடையேறி, அப்பன் தலைப் பரிவட்டத்தை உருவினால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்?

கும்மிடிப்பூண்டி கல்யாண மண்டபத்தில் ஆய்வரங்கம். தலைப்பு, 'வேலங்காட்டு அடிகள் இருந்தாரா?'

ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்த அந்தத் துறவிக்கு முதல் கூழ் ஊற்றியது அவள் புருஷன் தணிகாசலத்தின் வம்சமாம். அதற்காகத்தான் ஆடித் திருவிழாவில் அவருக்கு முதல் பரிவட்டம்.

"இருந்தார்" என்று ஒரு மணி நேரம் அடித்துப் பேசினார் பேராசிரியர் மோசஸ்.

"இல்லைங்க ஐயா" என்று எழுந்த மகள் இளமதி, பழைய கடிதம் ஒன்றைப் படித்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு புலவர், தணிகாசலத்தின் பூட்டனுக்கு எழுதியது.

'தாங்கள் கேட்டபடி அடிகள் என்றொருவரை வைத்துப் பாடிவிட்டேன். தங்கள் முன்னோர் கூழ் வார்த்ததாகவும் சேர்த்துவிட்டேன்.'

மண்டபமே கொல்லென்று சிரித்தது.

"இது எங்கேம்மா கிடைச்சுது?" என்றார் மோசஸ்.

"குடுத்தவங்க பேர் சொல்ல வேணாம்னுட்டாங்க ஐயா."

அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்து வருஷமா தப்பாவே எழுதிட்டேம்மா" என்று எழுந்து நின்று கைதட்டினார்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிஃபார்மோடு வந்திருந்த தணிகாசலமும் சேர்ந்து தட்டினார். மனுஷனுக்குச் சூடு சொரணை வேண்டாமா?

பஸ் ஸ்டாப்பில் குணசுந்தரி வெடித்தாள். "இன்னாய்யா பல்லைக் காட்டிக்கினு நிக்கிற? அடுத்த வாரம் திருவிழா. இனிமே உனக்கு எவன் பரிவட்டம் கட்டுவான்?"

"கட்டலைன்னா போவட்டும். அவ்ளோ பெரிய வாத்தியாரையே எம்பொண்ணு எழுந்து நிக்க வச்சுதே, பாத்தியா? எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு."

"அது சின்னப் பொண்ணு. எல்லாம் உன் பங்காளி சின்னதுரை வேலை. பூட்டன் பொட்டி ஒண்ணு அவன் ஊட்லயும் கீதுல்ல? வயித்தெரிச்சல்ல எடுத்துக் குடுத்துட்டான். அவன் கை வெளங்குமா?"

"அவனைத் திட்டாத குணா" என்றார் தணிகாசலம். "'இல்லன்னு தெரியுது நைனா, காட்டத்தான் கையில ஒண்ணுமில்ல'ன்னு பொண்ணு கண்ணு கலங்குச்சு. நாந்தான் நம்ம பொட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன்."