நீச்சல் குளத்துக்கு அடியில்

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசிகசாலை. வெளியே மழை, ஜன்னலைச் சாத்தியதில் உள்ளே பசை நெடி. பதினாறு பிள்ளைகள் அட்டையை விரித்துக்கொண்டு தரையில் குந்தியிருக்கிறார்கள். "நீங்க யாருன்னு படம் வெட்டி ஒட்டுங்க. இதுதான் மூட் போர்ட்" என்கிறாள் கொழும்பு மிஸ். நல்ல காரியந்தான். ஆனால் அந்த மகராசி வெட்டக் கொண்டுவந்திருப்பதெல்லாம் எல்ல ஊரின் சுற்றுலா ஹோட்டல்களின் விளம்பரத் தாள்கள். நிரஞ்சலாவின் அட்டையில் ஒரு விமானமும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் ஏறியாயிற்று. அடுத்த தாளைப் புரட்டுகிறாள், கத்தரிக்கோல் நின்றுவிடுகிறது. தேயிலைச் சரிவில் கூடை சுமந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள் அவள் அம்மா பாக்கியலெட்சுமி. லயத்து வீட்டில் அந்தச் சிரிப்பை யார் கண்டது? கூடையும் இரவல்தான், அம்மா தினமும் கட்டுவது சாக்குப் பை. "ஏய், ஒங்கம்மாடி!" என்று புவனேந்திரன் கூவ, எல்லாத் தலைகளும் எட்டிப் பார்க்கின்றன. மிஸ் கைதட்டுகிறாள். "எவ்வளவு அழகு! நடுவுல ஒட்டுங்க மகள். இதுதானே நீங்க!"

"நான் கொழுந்து பறிக்கப் போகமாட்டேன் மிஸ்."

"படந்தானே மகள், ஒட்டுங்க."

நிரஞ்சலா படத்தை ஓரம் பிசகாமல் வெட்டுகிறாள். அம்மாவின் முகத்தின் மேலேயே பசையைத் தடவி, கவிழ்த்து ஒட்டுகிறாள். இப்போது அட்டையின் நடுவில் தாளின் பின்பக்கத்து நீச்சல் குளம், நீலமாக. மிஸ்ஸின் முகம் சுண்டிப்போகிறது. மெல்லிய தாள் பசையைக் குடிக்கிறது. நீலத் தண்ணீருக்கு அடியிலிருந்து முதலில் கூடை, பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல மேலே வருகிறது. நிரஞ்சலா உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறாள், கையை எடுக்கவேயில்லை.