கேடயத்தை விடுற நேரம்

மகளிடம் அடி வாங்குவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்று மாலை மட்டும் ஒன்பது முறை மேடையிலிருந்து கீழே விழுந்திருந்தார்.

பத்தாவது முறை விழுந்ததும் டிவி திரையின் ஓரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுத்து வந்தது. 'கேடயத்தைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க. அது தேஞ்சுக்கிட்டே வரும். கடைசில உடைஞ்சிடும்.'

வீடியோ கேம்தான். அந்தரத்தில் மிதக்கும் மூன்று பலகைகள், அவற்றின் மேல் இரண்டு பொம்மைகள். எதிராளியை அடித்து வெளியே தள்ளினால் ஜெயம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தாறு. மகளின் அறையில் தூசி தட்டப் போனவர், ஓடுகிறதா பார்ப்போம் என்று தொழில் புத்தியில் அங்கே கிடந்த விளையாட்டுக் கருவியை முடுக்கினார். விளையாட்டில் மகள் வைத்துக்கொண்ட பெயர் நினைவிருந்தது. சில்வண்டு. ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளைக்கு அவரே வைத்த செல்லப்பெயர் அது.

தேடினார். சில்வண்டுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. பதினான்கு மாதங்களாக அவர் போனை எடுக்காதவள் அங்கே இருந்தாள்.

'புது ஆள்' என்ற பெயரில் ஆட்டத்துக்கு அழைத்தார். உடனே வந்தது பதில். 'வாங்க.'

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், தான் கல்யாணம் செய்துகொண்டவனோடு மகள் வாசலில் வந்து நின்றாள். அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "போயிட்டு வரேன்னு சொல்லாத, போறேன்னு சொல்லிட்டுப் போ." அவள் எதையும் சொல்லாமல் படியிறங்கினாள். அதற்குப் பிறகு எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று சொல்லவும் ஆளில்லை. மனைவி உயிரோடு இருந்திருந்தால் மகள் அவளிடமாவது பேசியிருப்பாள்.

மூன்று வாரங்களாக, வேலை முடிந்து வந்ததும் கை கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். அன்றும் அடுத்த பாடம் திரையில் வந்தது.

'அடி வருதுன்னு முன்னாடியே பயந்து ஒளியாதீங்க. மேல படுற அந்த நொடியில கேடயத்தை விட்டுடுங்க. அடிச்சவன்தான் தடுமாறுவான். இதை இங்கிலீஷ்ல பேரின்னு சொல்லுவாங்க.'

'எனக்கு வர்றது பேருக்குத்தான்,' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அனுப்பினார்.

எதிர்ப் பொம்மை கையை மெதுவாக ஓங்கியது. அவர் விரல் பட்டனை விடவில்லை. கேடயம் உடைந்தது, விழுந்தார்.

'பரவாயில்ல. மறுபடியும்.'

அதே அடி, அதே வேகம். விரல் விடவில்லை. விழுந்தார்.

'உங்களுக்கு அலுக்கலையா?' என்று கேட்டு அனுப்பினார்.

'இல்லங்க. எனக்கும் லேசுல வரல. இன்னொரு தடவை பாருங்க.'

அவருக்கு போனில் படம் அனுப்பச் சொல்லிக் கொடுத்தபோது, இரண்டாம் தடவையே "ஐயோ, குடுங்கப்பா" என்று பிடுங்கிக்கொண்ட பெண் அவள். இப்போது இருபது தடவை சொல்லிக் கொடுக்கிறாள். அவனிடம் என்னென்ன பட்டு இந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டாளோ என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு என்று தினமும் கேட்க வாய் வரை வரும். யாரென்று தெரிந்தால் அந்தப் பச்சைப் புள்ளியும் அணைந்துவிடும். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேசித் தைரியம் சொல்வது அவர் வேலையில் பாதி. பெற்ற பெண்ணிடம் பேச ஒரு வார்த்தை அகப்படவில்லை.

'சரி, கடைசியா ஒண்ணு. கையைப் பார்க்காதீங்க, என் பொம்மையோட தோளைப் பாருங்க.'

தோள் அசைந்தது. அடி இறங்கியது. எப்படி என்று அவருக்கே தெரியவில்லை, விரல் தானாக விலகியது. 'டங்' என்று ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு மின்னல். அடித்த பொம்மை கை ஓங்கியபடியே உறைந்து நின்றது.

'வந்துடுச்சு. இப்ப அடிங்க.'

அவர் அடிக்கவில்லை.

'அடிங்க, விட்டுடாதீங்க.'

எழுத்துப் பலகையைத் திறந்தார். இரண்டு முறை தப்பாக வந்தது, அழித்துவிட்டு மறுபடி எழுதினார். 'நான் அப்பாம்மா. அன்னிக்கு நான் பேசினது தப்பு. அவன்கிட்ட கஷ்டமா இருந்தா கிளம்பி வந்துடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.'

அனுப்பிவிட்டார். இனி திரும்ப எடுக்க முடியாது.

திரையில் இரண்டு பொம்மைகளும் அசையாமல் நின்றன. பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

பிறகு சில்வண்டு என்ற பெயருக்குப் பக்கத்தில் மைக் படம் எரிந்தது. பதறி எழுந்து, ஆணியில் தொங்கிய ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டினார். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா... சொல்லும்மா" என்றார்.

பேசியது ஓர் ஆண் குரல். அதில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"அவ இதைத் தொட்டு ஒரு வருஷமாச்சு, மாமா."