புதைக்கப் போன சுறா

"தூ! இதையெல்லாம் மனுசன் திம்பானா?"

தங்கசாமி காறித் துப்பிவிட்டு, செருப்புக் காலால் ஐஸ் பெட்டியை ஓர் உதை விட்டார். அவர் சுகாதார இன்ஸ்பெக்டர். அவருடைய மொபெட் சத்தம் கேட்டாலே பாளையம்பட்டி ரோட்டில் மீன் விற்கிறவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

பெட்டிக்கு வெளியே வாலை நீட்டிக்கொண்டு ஒரு பெரிய சுறா கிடந்தது. விடியற்காலை சாயல்குடி பஸ்ஸில் வந்து இறங்கியது, செவுளில் ரத்தம் இன்னும் சிவப்பாகவே இருந்தது. பக்கத்துக் கூடையில் முந்தாநாள் சாளை. வயிறு வெடித்து, ஈ அப்பி, மஞ்சளாக நீர் விட்டு நாறிக்கொண்டிருந்தது. அந்தக் கூடைப் பக்கம் இன்ஸ்பெக்டர் மூக்கு திரும்பவே இல்லை.

"எத்தனை தடவை சொல்லிருக்கேன், பெருஞ்சுறா விக்காதேன்னு? கடல்ல கெடக்குற பாதரசம் பூராம் சின்ன மீனுக்குள்ள போகுது. சின்ன மீனைத் தின்னு தின்னு இவன் ஒடம்புல மொத்தமாச் சேருது. அவிச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது. ஜப்பான்ல ஒரு ஊர்ல பூனையெல்லாம் கிறுக்குப் பிடிச்சு ஆடுச்சு, தெரியுமா? வயித்துல இருந்த பிள்ளைக கையி காலு வெளங்காமப் பொறந்துச்சு!"

மீன்காரி மாரிக்கனி கையைப் பிசைந்தாள். "நான் கேக்கலய்யா. ஏவாரிதான் லோடுல அவராப் போட்டு விட்டுர்றாரு."

"சரி சரி. துண்டு போட்டுக் கட்டு. ஊருக்கு வெளிய குழி தோண்டிப் புதைக்கணும்."

"புதைக்கிறதுக்கு எதுக்குய்யா துண்டு?"

"முழுசாப் புதைச்சா நாயி தோண்டிரும். குழம்புக்குப் போடுற சைசுலயே போடு, அதான் வசதி."

அவள் வெட்டிக் கட்டிக் கொடுத்தாள். வாங்கி வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டவருக்குக் கொஞ்சம் இரக்கமும் சுரந்தது. "உம் மருமக மாசமா இருக்காளே, அவளுக்கு இதைக் குடுத்துராத."

"நீங்க சொன்ன நாள்லருந்து வீட்டுல ஒரு துண்டு ஆக்கலய்யா. நாக்கு கேக்குதுன்னு ராமலட்சுமி அழுதா, அப்பயும் குடுக்கல. இன்னைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். டாக்டரம்மாட்ட இதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"அங்க எதுக்குக் கேக்குற? எம் பேச்சுல நம்பிக்கை இல்லையா?" வள்ளென்று விழுந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

குழியாவது, மண்வெட்டியாவது! மூட்டை நேரே அவர் வீட்டு அடுப்படியில் போய் இறங்கியது. ஐந்து மாதமாக வாரம் ஒரு சுறா இப்படித்தான் "புதைக்கப்படுகிறது". தின்று தீராததை உப்புப் போட்டுக் காயவைத்தால் அடுத்த சுறா வரும்வரை தாங்கும். பாதரசக் கதை, டீக்கடையில் பஜ்ஜி மடித்து வந்த பத்திரிகைத் துண்டில் படித்தது. அதில் ஒரு வரியைக்கூட அவர் நம்பவில்லை. ஆனால், வெயிலில் உட்கார்ந்து பிழைக்கிற ஒருத்தியை மிரட்டி ஓசி மீன் தின்ன அது போதுமாக இருந்தது. சீ, சொல்லவே குமட்டுகிறது.

எல்லாம் மகள் சுபத்ராவுக்காகத்தான். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. கரு தங்கியதிலிருந்து தாய் வீட்டில்தான் படுக்கை. இந்தப் பிள்ளைக்காகத் தங்கசாமி வேண்டாத சாமி கிடையாது. அவளுக்கோ சுறாப் புட்டு இல்லாமல் சோறு இறங்காது.

மத்தியானம் இலையில் ஆவி பறக்கப் புட்டு விழுந்தது.

"அப்பா, உள்ளங்கை மரமரன்னு இருக்குப்பா. ஒதடுகூட ஒரு மாதிரி மரத்துப் போகுது."

"பிள்ளத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும். தின்னு தாயி, பிள்ளைக்குச் சத்து." தன் இலையிலிருந்தும் ஒரு கை அள்ளி அவள் இலையில் வைத்தார்.

"ஐயா! ஐயா!" வாசலில் மாரிக்கனியின் குரல்.

தங்கசாமி பாதி இலையில் எழுந்தார். போச்சு, டாக்டரம்மா குட்டை உடைத்துவிட்டாள்! பொய் சொல்லி மீன் பிடுங்கித் தின்கிறவன் என்று இவள் கத்தினால் தெருவே கூடிவிடுமே. சட்டியை மூடச் சொல்லி மனைவிக்குச் சைகை காட்டினார். வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைப் பின்னால் சாத்தினார். மாரிக்கனி மேலேயே எந்நேரமும் மீன் வாடை. வீட்டுக்குள்ளிருந்து வருவது எங்கே தெரியப்போகிறது என்று ஒரு தைரியம்.

"என்ன? வீடு வரைக்கும் வர்ற அளவுக்கு ஆயிருச்சா?"

மாரிக்கனி படாரென்று அவர் காலில் விழுந்தாள். கையிலிருந்த கல்கண்டுப் பொட்டலத்தை அவர் பாதத்தில் வைத்தாள்.

"நீங்க நல்லா இருக்கணும்யா! எம் பேரப்பிள்ளையக் காப்பாத்திட்டீக!"

"என்ன உளர்ற நீ?"

கதவுக்குப் பின்னாலிருந்து சுபத்ராவின் குரல் கேட்டது. "அம்மா, இன்னும் ரெண்டு கை புட்டு வைம்மா."

மாரிக்கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன். நீங்க சொன்னது அம்புட்டும் நெசமாம்யா!"