செல்லும்

"கையெழுத்து நம்மளோடதுதான், சிட்ஸெல். ஆனா நாம போடல."

பிரெபென் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அடுத்த மேசையில் மற்றவர்கள் வாராவாரம் சேர்ந்து தின்னும் வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

ஓர் இணையதளம் அசல்தானா என்று விசாரித்துச் சான்றிதழில் கையெழுத்திடுவது அந்த அலுவலகத்தின் வேலை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் உலகத்துக் கணினிகள் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டைக் காட்டுகின்றன.

திரையில் இருந்த சான்றிதழ் ஒரு பெரிய மின்னஞ்சல் தளத்தின் பேரில் இருந்தது. அந்தத் தளத்தார் இங்கே சான்றிதழ் எதையும் கேட்டதே இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவன் அந்தத் தளமாகவே நடித்து எல்லாருடைய அஞ்சலையும் படிக்கலாம்; பூட்டும் தெரியும்.

"போன வெள்ளிக்கிழமை சாவி அட்டையை மெஷின்லயே விட்டுட்டு ரொட்டி தின்ன ஓடி வந்த," என்றாள் சிட்ஸெல்.

"அஞ்சு நிமிஷம். நீதான் 'ஆறிப்போகுது, வாடா'ன்னு கத்தின."

அந்த அட்டை இயந்திரத்தில் இருக்கும்வரை கையெழுத்துப் போட முடியும்; எழுந்தால் அதைப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலைகளில் யாரும் பூட்டுவதில்லை. அலுவலகத்தின் கணினி வலைக்குள் ஊடுருவி ஒளிந்திருந்த யாரோ அதைக் கவனித்திருக்கிறார்கள்.

அந்தப் போலிச் சான்றிதழ் செல்லுமா என்று கணினிகள் கேட்டுக்கொண்டே இருந்தன. எல்லாம் ஒரே நாட்டிலிருந்து. இங்கிருந்த இயந்திரம் சளைக்காமல் பதில் அனுப்பியது.

செல்லும். செல்லும். செல்லும்.

அது அவள் கணவன் தைமூரின் நாடு.

அவனுடைய அக்கா தில்யாரா அங்கே அரசாங்கத்தின் கண்ணில் படாமல் தலைமறைவாக இருந்தாள். அவளை எல்லை தாண்டவைக்கும் ஏற்பாடு முழுவதும் அந்த மின்னஞ்சலில்தான் எழுதப்பட்டது. எழுதப் பயந்தவளிடம் சிட்ஸெல்தான் சொன்னாள்: பூட்டு தெரிகிறதா? அப்படியானால் வேறு யாரும் படிக்க முடியாது.

"திங்கள் வரைக்கும் மூச்சு விடாதே," என்றான் பிரெபென். "வெளிய தெரிஞ்சா அப்புறம் நம்மள எவன் நம்புவான்? கம்பெனியையே மூடிடுவாங்க."

அவள் அவன் கையை விலக்கிவிட்டு ரத்துப் பொத்தானை அழுத்தினாள்.

இயந்திரம் முதல்முறையாகச் சொன்னது: செல்லாது.

உடனே அவள் கைபேசி அடித்தது. தைமூர். அவனுக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷம் போலவும் இருந்தது.

"அக்காவைக் கூட்டிட்டுப் போக வண்டிக்காரன் வந்துட்டானாம். சாயங்காலம் வரேன்னவன் இப்பவே வந்து நிக்கறான்."

அவள் கைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

"அக்கா கதவுக்கு உள்பக்கம் நின்னுக்கிட்டு இன்னொரு போன்ல என்கூட பேசறா. அடையாளச் சொல்லைச் சரியாத்தான் சொல்றானாம். நாம மெயில்ல எழுதினோமே, அதே சொல்லு."

ரொட்டி மேசையில் யாரோ சிரித்தார்கள்.

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் திறப்பாளாம். திறக்கச் சொல்லட்டுமா? சீக்கிரம் சொல்லு, சிட்ஸெல்."