வெளியிடுபவர் பெயர்

மூன்றாவது தொகுப்பும் தயார் என்று திரை சொன்னது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ஒரே மென்பொருள். சின்னக் கடைக்காரர்கள் சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்வதற்கு.

என் கணினியில் அது ஓடத்தான் செய்யும். அங்கேயே பிறந்து வளர்ந்தது. இதையெல்லாம் கண்ணால்கூடப் பார்க்காத வேறொரு கணினியில் ஓடினால்தான் வெளியிடலாம். வீட்டில் அப்படி இருந்தது மனைவியின் மடிக்கணினி மட்டும்தான்.

கேட்டேன். அவள் கொடுக்கவில்லை. அண்ணன் செய்ததை முதலில் தான்தான் நிறுவுவாளாம்.

அண்ணன் செய்தது என்பதில் பொய்யில்லை. பாதிக்கு மேல் மச்சான் எழுதியதுதான். குழந்தை பிறந்ததும் மாதச் சம்பளத்துக்குப் போய்விட்டார்.

பாதியில் விட்டுவிட்டுப் போனவர்தானே என்று இன்று காலை அவர் பெயரை மென்பொருளுக்குள்ளிருந்து எடுத்துவிட்டேன். 'உருவாக்கியவர்கள்' என்றிருந்ததை 'உருவாக்கியவர்' என்று மாற்றவும் மறக்கவில்லை. அந்த மட்டும் எனக்குப் பொறுப்பு உண்டு.

பிறகுதான் உறைத்தது, மென்பொருளுக்குப் போடும் மின்கையொப்பம் அவர் பெயரில் இருக்கிறது. அது இல்லையென்றால் 'யார் செய்தது என்று தெரியவில்லை' என்று கணினி ஊரைக் கூட்டும். ஒருத்தரும் நிறுவ மாட்டார்கள். என் பெயரில் புதிதாக வாங்க வாரக்கணக்கில் ஆகும்.

வெட்கத்தை விட்டு மச்சானுக்கு ஃபோன் போட்டேன்.

"இதுக்கெல்லாம் கேக்கணுமா மாப்ள?" என்று கடவுச்சொல்லைச் சொன்னார்.

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மனைவி கோப்பைச் சொடுக்கினாள். திரை நடுவே ஒரு பெட்டி வந்தது. வெளியிடுபவர் என்ற இடத்தில் மச்சானின் முழுப்பெயர். அதன் கீழே, அனுமதிக்கலாமா என்ற கேள்வி.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று சிரித்தபடி 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். செய்த மென்பொருள் ஓடக்கூடாது என்று வேண்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்தது.

அவள் முகமெல்லாம் பல்லாக ஃபோனை எடுத்தாள். படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்ப வேண்டுமாம். கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன் பேரு எந்தப் பக்கத்துல வருது?"